மஞ்சக்குப்பத்தில் ஒரு பேச்சு மதிப்பீட்டு மையம்: முழக்கத்துக்கு நாற்பது, காரணத்துக்கு முப்பது

கடலூர் மஞ்சக்குப்பத்தில், மைதானத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு வீட்டின் மாடியில் இயங்கும் பேச்சு மதிப்பீட்டு மையத்துக்கு எங்கள் பள்ளி மாணவர்களைச் சென்ற கல்வியாண்டில் அழைத்துச் சென்றோம். கேட்போரை ஒரு கருத்தின் பக்கம் இசைய வைக்கும் பேச்சுகளை மாணவர்கள் அங்கே நிகழ்த்த வேண்டும். மூன்று நடுவர்கள் கேட்டு மதிப்பெண் இடுவார்கள். பத்து நாட்களுக்குள் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியாக எழுத்து வடிவில் அறிக்கை வந்து சேரும். கட்டணம் ஒரு பேச்சுக்கு 300 ரூபாய். சுற்றுவட்டாரத் தமிழாசிரியர்கள் பலருக்கும் இந்த இடம் தெரிந்ததே என்பதாலும், நான் சொல்லவிருப்பது பெரும்பாலும் மதிப்பிடும் முறையைப் பற்றியது என்பதாலும், மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடம் ஐம்பது பேர் அமரக்கூடியது. மேடை ஓரடி உயரம். மின்விசிறிகளின் இரைச்சல் ஒலிவாங்கியிலும் கேட்கிறது. சாலைப் பக்கத்துச் சன்னலை மூடினால் புழுக்கம் தாங்காது, திறந்தால் பேருந்துகளின் ஒலிப்பான் ஓசை. திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் எளிதாக வந்துவிடலாம். புதுச்சேரிப் பள்ளிகளும் மாணவர்களை அனுப்புகின்றன. நாங்கள் சென்ற நாளில் அரியாங்குப்பத்திலிருந்து ஒரு குழு வந்திருந்தது. குடிநீர், கழிப்பறை வசதிகளில் குறையில்லை.

மதிப்பெண் தாள் நூற்றுக்கு அமைந்தது. பொருளுக்கும் காரணத்துக்கும் 30, குரல், உச்சரிப்பு, உடல்மொழி, நினைவாற்றல் ஆகியவற்றைச் சேர்த்த வெளிப்பாட்டுக்கு 40, மொழிநடைக்கு 20, நேரக் கட்டுப்பாட்டுக்கு 10. நம் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் வழங்கும் தாள்களோடு ஒப்பிட்டால் இது மோசமானதன்று. பொருளுக்கு இவ்வளவுகூட ஒதுக்காத தாள்களில் நானே நடுவராகக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆயினும், கேட்போரின் மனத்தை மாற்றுவதே குறிக்கோள் என்று அறிவித்துவிட்ட ஒரு பேச்சில், காரணத்தைவிடக் குரலுக்குப் பத்து மதிப்பெண் கூடுதலாக வைப்பது என்ன விளைவைத் தருகிறது என்பதை அன்றைய இரண்டு பேச்சுகளைக் கொண்டே காட்ட முடியும்.

முதலாவது, பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஞெகிழிப் பயன்பாட்டுக்கு எதிராக ஆற்றிய பேச்சு. கணீரென்ற குரல். தொடக்கத்திலேயே ஒரு குறள், நடுவில் ஒரு கவிதை, எங்கே நிறுத்தினால் கைதட்டல் விழும் என்ற தெளிவு. கூடம் அதிர்ந்தது என்பது மிகையன்று. இரண்டாவது, மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து வரும் மாணவி, சுருக்குமடி வலைக்குத் தடை தொடர வேண்டும் என்று ஆற்றிய பேச்சு. மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து மொத்தமாக அள்ளும் இந்த வலையைத் தமிழ்நாட்டு அரசு 2000ஆம் ஆண்டில் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரண்டு நாட்களில் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை பயன்படுத்தலாம் என்று நிபந்தனைகளோடு இடைக்கால அனுமதி அளித்தது. கடலூர்க் கடலோரத்தில் இந்த வலையை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் அடுத்தடுத்த ஊர்களில் இருக்கிறார்கள். சில வேளைகளில் ஒரே குடும்பத்திலும் இருக்கிறார்கள். அந்த மாணவியின் முன்னால் அமர்ந்திருந்தவர்களிலேயே இரு தரப்பும் உண்டு. அவருக்குக் குரல் சிறியது. இரண்டு இடங்களில் தாளைப் பார்த்தார். ஒரு முறை தடுமாறி நின்றார். ஆனால் எதிர்த்தரப்பின் வலுவான வாதமான, வலைக்காக வாங்கிய முதலீட்டுக் கடனை அவரே முன்னெடுத்துச் சொல்லி, அதற்கு விடை கூறிவிட்டுத்தான் தம் கருத்துக்கு வந்தார்.

தாளில் மாணவருக்குப் பொருள் 18, வெளிப்பாடு 38, மொழி 18, நேரம் 10, மொத்தம் 84. மாணவிக்குப் பொருள் 27, வெளிப்பாடு 26, மொழி 17, நேரம் 10, மொத்தம் 80. நடுவர்கள் பொருளை மிகச் சரியாகவே எடைபோட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பொருளில் இருவருக்கும் இடையே ஒன்பது மதிப்பெண் வேறுபாட்டை அவர்களே பதிந்திருக்கிறார்கள். நடுவர்கள் கண்டுகொண்டதைத் தாள் கூட்டலில் கரைத்துவிட்டது. இதே தீர்ப்புகளை, பொருளுக்கு 45, வெளிப்பாட்டுக்கு 25 என்று மாற்றிய தாளில் பொருத்திப் பார்த்தேன். மொழியையும் நேரத்தையும் தொடவில்லை. மாணவருக்கு 78.75, மாணவிக்கு 83.75 வருகிறது. நடுவர்களின் கருத்து ஓர் இழையும் மாறாமல் வரிசை மட்டும் தலைகீழாகிறது. மையத்தின் பொறுப்பாளரிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது அவர் மறுக்கவில்லை. போட்டிகளுக்கு அனுப்பும் பள்ளிகள் இந்த விகிதத்தைத்தான் விரும்புகின்றன என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். தமிழ் வளர்ச்சித் துறை அம்பேத்கர், காந்தியடிகள், நேரு, பெரியார், அண்ணா போன்றோரின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடத்தும் பேச்சுப் போட்டிகளும், 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழாவும் மாணவர்களுக்கு மேடை தருகின்றன. அங்கே பரிசு வாங்க வேண்டும் என்று வரும் மாணவரிடம் வெளிப்பாட்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு தலைவரின் பெருமையைப் பாடும் பேச்சுக்கும், ஒரு முடிவை ஏற்கச் செய்யும் பேச்சுக்கும் ஒரே தாளைப் பயன்படுத்துவது ஏன் என்ற என் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

தாளில்தான் இந்தக் குறை. பேச்சு முடிந்த பிறகு நடப்பவற்றில் இந்த மையம் நான் பார்த்த எந்தப் போட்டி மேடையையும்விடப் பல படிகள் மேலே நிற்கிறது.

முதலில், ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும் நடுவர்கள் இரண்டு நிமிடம் கேள்வி கேட்கிறார்கள். மூவரில் இருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஒருவர் வழக்கறிஞர். கூர்மையான கேள்விகள் பெரும்பாலும் வழக்கறிஞரிடமிருந்தே வந்தன. ஞெகிழி பற்றிப் பேசிய மாணவரிடம் அவர் கேட்டது இது: "தம்பி, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் ஞெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. அதன் பிறகும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் குப்பை கிடக்கிறதே, தடை போட்டும் ஏன் நிற்கவில்லை? இன்னொரு தடை கேட்கிறாயா, வேறு எதையாவது கேட்கிறாயா?" மாணவர் தம் பேச்சின் கடைசிப் பத்தியையே மீண்டும் ஒப்புவித்தார். வலை பற்றிப் பேசிய மாணவியிடம் கேட்டது இது: "12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும் என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, உன் வாதத்தில் என்னம்மா மிச்சம் இருக்கிறது?" அவர் சற்று யோசித்து, மத்திக் கூட்டம் எல்லைக்கோடு பார்த்து நிற்பதில்லை சார், அங்கே மொத்தமாக அள்ளிவிட்டால் கரைக்கு வர வேண்டிய மீன் வராது, அதோடு எந்தப் படகு எத்தனை மைலில் நிற்கிறது என்று கடலில் யார் அளப்பது என்று கேட்டார். மனப்பாடம் எங்கே முடிகிறது, சிந்தனை எங்கே தொடங்குகிறது என்பதை இந்த இரண்டு நிமிடம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வியப்பு என்னவென்றால், இந்தக் கேள்வி நேரத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது. அறிக்கையில் ஒரு வரி மட்டும் வருகிறது.

அடுத்து, வாக்குச் சீட்டு. பேச்சுக்கு முன்பு தலைப்பை மட்டும் அறிவித்து, கேட்கும் மாணவர்கள் தாம் எந்த அளவுக்கு உடன்படுகிறோம் என்று 1 முதல் 7 வரை ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். பேச்சும் கேள்விகளும் முடிந்ததும் அதே சீட்டின் பின்பக்கத்தில் மறுபடியும் ஓர் எண். நகர்வு எவ்வளவு என்பதுதான் கணக்கு. சில ஆங்கில விவாத மேடைகளில் வெற்றியை இப்படித் தீர்மானிப்பார்கள். ஏற்கெனவே உடன்பட்டவர்களை எத்தனை பேர் கைதட்ட வைத்தாலும் இந்தச் சீட்டு அசையாது என்பதே இதன் சிறப்பு. ஞெகிழிப் பேச்சுக்கு நடந்தது அதுதான்: முன்பே ஏறக்குறைய எல்லோரும் 6, 7 என்று எழுதியிருந்தார்கள், பின்பும் அவையே இருந்தன. வலை பற்றிய பேச்சில் 1, 2 என்று எழுதியிருந்தவர்களில் சிலர் 3, 4 என்று நகர்ந்திருந்தார்கள். தம் தகப்பனார் சுருக்குமடி வலையில் பங்கு வைத்திருக்கும் ஒரு மாணவன் 1இலிருந்து 3க்கு வருவது சிறிய செய்தியன்று. நண்பனுக்காக எண்ணைக் கூட்டி எழுதும் மாணவர்கள் இருப்பார்கள் என்பது உண்மையே. ஆகவே இதைப் பரிசுக்கு அளவுகோலாக வைக்கக் கூடாது என்று மையம் முடிவு செய்திருப்பதை ஏற்கிறேன். ஆனால் பேச்சாளரிடம் அந்த எண்களைக் காட்டலாமே. நாங்கள் கேட்ட பிறகுதான் காட்டினார்கள்.

இந்தச் சீட்டு வெளிப்படுத்தும் இன்னொன்று மையத்தைவிடப் பள்ளிகளைச் சார்ந்தது. அன்று வந்த தலைப்புகளில் பெரும்பாலானவை எவரும் மறுக்காதவை: மரம் வளர்ப்போம், நீரைச் சேமிப்போம், தாய்மொழி காப்போம், வாசிப்பை நேசிப்போம். மறுப்பவர் இல்லாத இடத்தில் யாரை இசைய வைப்பது? அத்தகைய தலைப்பைப் பெற்ற மாணவருக்கு எதிர்வாதம் என்ற ஒன்றே கண்ணில் படாது. அலங்காரத்தைத் தவிர அவருக்கு வேறு வேலை இருக்காது. கெடிலம் ஆற்றின் கரையை ஆக்கிரமித்திருக்கும் வீடுகளை என்ன செய்வது, சிப்காட் தொழிற்சாலைகளால் கிடைக்கும் வேலையையும் அவற்றால் வரும் கேட்டையும் எப்படி எடைபோடுவது, நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்கு நிலம் கொடுப்பதா மறுப்பதா என்று இந்த மாவட்டத்தில் இரு பக்கமும் பேசத்தக்க பொருள்களுக்குப் பஞ்சமில்லை. புதுச்சேரிக் குழுவின் மாணவர் ஒருவர் தனி மாநில உரிமையைப் பற்றிப் பேசினார். தகவல்களில் தடுமாற்றம் இருந்தாலும், கேட்டவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்த பேச்சு அது. தலைப்பை மையமே தரட்டும், அல்லது தலைப்பு சர்ச்சைக்கு உரியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையாவது விதிக்கட்டும் என்று பரிந்துரைத்திருக்கிறேன்.

நடுவர்களின் ஒழுங்கைப் பாராட்ட வேண்டும். மூவரும் தனித்தனியே மதிப்பெண் இட்டு மூடிய பிறகே பேசிக்கொள்கிறார்கள். எந்த இருவருக்கேனும் இடையே பத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்த இருவரும் காரணம் சொல்ல வேண்டும், பேச்சின் பதிவை மீண்டும் கேட்க வேண்டும். ஒருவரிடம் ஒரு நல்ல பண்பைக் கண்டால் மற்றப் பண்புகளுக்கும் நம்மை அறியாமலே கூட்டி மதிப்பிடும் பழக்கத்தை எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920இலேயே எடுத்துக்காட்டினார். குரல் நன்றாக இருக்கும் மாணவருக்கு மொழிநடையிலும் இரண்டு மதிப்பெண் தானாகக் கூடுவதை எந்தப் பேச்சுப் போட்டியிலும் காணலாம். இங்கே ஒவ்வொரு பகுதியையும் தனித் தாளில் எழுதச் செய்வதால் அது ஓரளவு கட்டுப்படுகிறது. முற்றிலும் இல்லை: ஞெகிழிப் பேச்சில் ஒரே கருத்து மூன்று முறை வந்திருக்க, மொழிநடைக்கு 18 எப்படி வந்தது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதே மையம் வார இறுதிகளில் பயிற்சி வகுப்பும் நடத்துகிறது. அங்கே படிக்கும் மாணவர்களும் வெளியிலிருந்து வருவோரும் ஒரே நடுவர்கள் முன் பேசுகிறார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. யாரும் வேண்டுமென்றே பக்கம் சாய்ந்ததாகச் சொல்லவில்லை. தாம் கற்பித்த வடிவத்தைக் கண்டதும் மனம் குளிர்வது இயல்பு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆலன் மன்றோ 1930களில் வகுத்த ஐந்து படிகளை, அதாவது கவனத்தை ஈர்த்தல், தேவையைக் காட்டல், தீர்வைச் சொல்லல், அதன் பயனைக் கண்முன் நிறுத்தல், செயலுக்கு அழைத்தல் ஆகியவற்றை, இவர்கள் வகுப்பில் கற்பிக்கிறார்கள். நல்ல சட்டகம்தான். ஆனால் மைய மாணவர்களின் பேச்சுகள் எல்லாம் "நான் உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா?" என்று தொடங்கி "இன்றே, இப்போதே" என்று முடிந்தன; நான்காவது பேச்சில் அடுத்த வரியை நானே சொல்லிவிடும் நிலைக்கு வந்துவிட்டேன். ஒரு நடுவராவது வெளியிலிருந்து வர வேண்டும்.

இனி அறிக்கை. செலவிட்ட பணத்துக்கு முழு மதிப்பும் இதில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நடுவர்களில் மூத்தவரான தமிழாசிரியர், நன்னூல் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களைப் பேச்சுக்குப் பொருத்திக் குறிப்பு எழுதுகிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்றுதேய்ந்து இறுதல் என்று நாம் தேர்வுக்காக உருப்போட்டு மறந்த சொற்கள், மாணவரின் சொந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது அவற்றின் பயன் விளங்குகிறது. ஞெகிழிப் பேச்சின் அறிக்கையில், மாணவர் சொன்ன மூன்று வாக்கியங்களை நேரக் குறிப்போடு வரிசையாக எழுதி, "கூறியது கூறல், மூன்றாவது முறை சொன்னபோது புதிதாக ஒரு காரணமும் சேரவில்லை" என்று குறித்திருந்தார். "ஆயிரம் ஆண்டு ஆனாலும் மக்காது" என்ற வரிக்கு எதிரே, "இதை யார் எப்படிக் கணித்தார்கள் என்று ஒரு வரி சொல்ல முடியாதாயின் எண்ணைத் தவிர்க்க, மிகைபடக் கூறல்" என்று இருந்தது. வலை பற்றிய பேச்சில் மாணவி தடையின் வரலாற்றைச் சொல்லும்போது தம் பாட்டனாரின் கட்டுமரக் கதைக்குள் போய்விட்டதை "மற்றொன்று விரித்தல், ஆயினும் அவையின் அன்பைப் பெற்றுத் தந்த பகுதி, பாதியாகக் குறைத்து வைத்துக்கொள்க" என்று எழுதியிருந்தார். குற்றத்தையும் அதன் பயனையும் ஒருசேரக் கண்ட குறிப்பு அது. இத்தகைய ஒரு வரிக்காகவே 300 ரூபாய் கொடுக்கலாம்.

மற்ற இரு நடுவர்களின் குறிப்புகள் இந்தத் தரத்துக்கு இல்லை. "நன்று", "குரலில் ஏற்ற இறக்கம் தேவை", "இன்னும் முயன்றால் சிகரம் தொடலாம்" போன்ற வரிகளை எந்த மாணவரின் அறிக்கையில் வைத்தாலும் பொருந்தும். வழக்கறிஞர் கேள்வி கேட்பதில் காட்டிய கூர்மையில் பாதியை எழுத்தில் காட்டினாலும் போதும். மொழிநடைப் பகுதியில் இன்னொரு குறை: பேச்சுவழக்குச் சொல் வந்த இடமெல்லாம் மதிப்பெண் குறைக்கப்பட்டிருக்கிறது. ழகர, ளகர வேறுபாட்டைத் திருத்துவது சரியே. ஆனால் கரையில் பாடு (மீன் கிடைப்பது) இல்லை என்று தம் ஊர் மீனவர் சொன்னதை அவர் சொன்னபடியே மாணவி எடுத்துரைத்தால், அதைக் கொச்சை என்று சிவப்பு மையில் வட்டமிடுவது எந்த நியாயத்தில் சேரும்? சான்றாக வந்த சொல்லைத் திருத்தினால் சான்றின் வலிமை போய்விடும்.

யார் போகலாம் என்று கேட்டால், ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட, ஓரளவு மேடைப் பழக்கம் உள்ள மாணவர்களை அனுப்பலாம். முதல் முறை மேடையேறுபவரைக் கேள்வி நேரம் மிரட்டிவிடும். அடுத்த வாரம் போட்டி இருக்கிறது என்பதற்காகப் போவதில் பயனில்லை, ஏனெனில் அறிக்கை அதற்குள் வந்து சேராது. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் கூட்டம் அதிகம். ஒரு பேச்சுக்கு உரிய ஐந்து நிமிடம் நான்காகச் சுருங்கியதை அந்த நாட்களில் சென்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போவது நல்லது. மதிப்பெண் மொத்தத்தைப் பெற்றோரிடம் முதலில் காட்டாமல், பொருளுக்கு வந்த மதிப்பெண்ணையும் மூத்த நடுவரின் குறிப்புகளையும் மாணவரோடு உட்கார்ந்து படிப்பதே நாங்கள் கடைப்பிடித்த வழி. பேச்சின் ஒலிப்பதிவும், கேட்போர் எழுதிய வாக்குச் சீட்டின் தொகுப்பும் அவர்களிடம் இருக்கும். அவர்களாகத் தருவதில்லை, பணம் கட்டும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.